வீட்டுக் கூடத்தில் வில்லுப்பாட்டு: எத்தனை பேர், எவ்வளவு இடம், மைக் வேண்டுமா?

#1 சேலையூர்க் கூடம்

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு வில்லுப்பாட்டு வைக்கத் திட்டம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாம்பரம் பக்கம் தனி வீடு. கூடம் 20 அடிக்கு 16 அடி, உயரம் 10 அடி. தரை விட்ரிஃபைடு டைல்ஸ், சுவர்கள் வெறுமையாக இருக்கும். மேலே மொட்டை மாடி 30க்கு 25. தை மாதம், சனிக்கிழமை மாலை. குழு கன்னியாகுமரி மாவட்டம், ஆறு பேர். கூப்பிட நினைப்பது 60 பேர். தொடக்கத்தில் அரை மணி நேரம் பறையும் வைக்கலாமா என்று யோசனை.

கூடமா, மாடியா? மைக் செட் எத்தனை வாட்ஸ் எடுக்க வேண்டும்? காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கணுமா? குழுவுக்கு நாம் என்னென்ன செய்து தரணும்?

#2 குடமும் பத்தியும்

அண்ணாச்சி, அந்த 60ஐ முதல்ல பாதியாக்குங்க. மத்த கேள்வி பாதிக்குப் பதில் அதுலயே கிடைச்சிரும்.

வில்லு குழுவுக்குக் குழு நீளம் மாறும். 7 அடியும் உண்டு, 10 அடியும் உண்டு. போன்லயே கேட்டுக்கிடுங்க. 10 அடின்னு வச்சா ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு அடி காலியா விடணும். புலவர் அடிக்கிற வீசுகோல் நாண்ல விழுறப்பல்லாம் வில்லு லேசாத் துள்ளும். முனை சுவத்துல இடிச்சா அதுல கட்டுன மணி தப்பான நேரத்துல குலுங்கும், தாளம் கெட்டுப்போகும். ஆக அகலம் 12 அடி. பின்னாடி கதை பாடுற தலைமைப் பாட்டுக்காரர், அதாவது புலவர், பக்கத்துல குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, ஆர்மோனியம்னு உக்காரணும், ஆழம் 7 அடி.

குழுவ 20 அடிச் சுவத்த ஒட்டி உக்கார வைங்க. முன்னால மிச்சம் 20க்கு 9, அதாவது 180 சதுர அடி. கதவுலேருந்து உள்ள வர ரெண்டரை அடி வழி விட்டா சுமார் 158. சம்மணம் போட்டு உக்கார ஓராளுக்கு 6 சதுர அடி வேணும். 26 பேர். சாப்பாட்டு அறை வாசல்ல நாலு நாற்காலி போட்டா 30. அதோட முடிஞ்சுது.

16 அடிச் சுவத்துப் பக்கம் வச்சா மூணு பேர் கூடக் கொள்ளும், ஆனா கடைசி ஆள் 13 அடி தள்ளிப் போயிருவாரு. நீளச் சுவர்னா கடைசி ஆளுக்கும் 9 அடிதான். புலவர் புருவத்தத் தூக்குறதுகூடத் தெரியணும். வில்லுப்பாட்டுல பாதி சங்கதி மூஞ்சியிலதான இருக்கு.

மேடை போடாதீங்க. பலகை மேல குடம் வச்சா பலகையும் சேந்து பேசும். தரையில ஜமக்காளத்த ரெண்டா மடிச்சு விரிச்சு, அதுக்கடியில ரப்பர் கால்மிதி ஒண்ணு போடுங்க. குடம் பிரிமணையில உக்காரும், குடத்துக் கழுத்தோட வில்லச் சேத்துக் கட்டியிருப்பாங்க. டைல்ஸ் வழுக்கி அது ஒரு விரக்கடை நகந்தாலும் கட்டு தளரும், நடுக்கதையில நிறுத்திக் கட்ட வேண்டியிருக்கும்.

"குடம் நானே வாங்கி வச்சிருக்கேன், நீங்க தூக்கிட்டு வர வேண்டாம்"னு மட்டும் சொல்லிராதீங்க. வில்லுக்குடம் கனம் பாத்து, தட்டிப் பாத்து, நாதம் பாத்து எடுக்குறது. கடையில விக்கிற தண்ணிக்குடத்துல பத்தி (குடத்து வாயில அடிக்கிற மட்டை) விழுந்தா பொத்துனு கேக்கும், இல்லன்னா உடஞ்சே போகும்.

#3 ஒலிப்பலகை

முந்தைய பதிவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இடத்தை வாத்தியத்துக்கு ஏற்ப அமையுங்கள், கூட்டத்தை இடத்துக்கு ஏற்ப அழையுங்கள். தலைகீழாகச் செய்பவர்கள்தான் வாட்ஸ் கணக்கு கேட்க வேண்டி வருகிறது.

உங்கள் கூடத்தின் உண்மையான பிரச்சினை சத்தம் போதாமை இல்லை, எதிரொலி. நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். 'ட்ரிங்' என்று உலோகத் தகடு அதிர்வதுபோல் வால் நீண்டால், எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி மாறி மாறி அடிக்கிறது என்று அர்த்தம். ஜால்ராவும் உடுக்கையும் அதில் கூர்மையாகி, புலவர் வேகமாகச் சொல்லும் வசனம் குழம்பிவிடும். மைக் வைத்தால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் எதிரொலிக்கும் சேர்த்தே தீனி போடுகிறீர்கள்.

செய்ய வேண்டியது: தரை முழுவதும் கோரைப்பாய், அதன்மேல் ஜமக்காளம். தரைக்கும் கூரைக்கும் நடுவில் அடிப்பது இதிலேயே பெரும்பாலும் அடங்கும். குழுவுக்கு எதிர்ச் சுவரில், உட்கார்ந்தவர் தலை உயரத்திலிருந்து 6 அடி வரை கனமான போர்வை அல்லது சமுக்காளம் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு, மடிப்பு மடிப்பாக. குழுவின் முதுகுச் சுவரை மட்டும் வெறுமையாகவே விடுங்கள், குரலை அது முன்னால் தள்ளும். பிறகு மீண்டும் கைதட்டுங்கள். வால் போயிருக்கும். ஆட்கள் உட்கார்ந்தால் இன்னும் அடங்கும்.

அடுத்து பின்னணி இரைச்சல். மின்விசிறி, ஏசி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர். மைக் இல்லாத நிகழ்ச்சியில் இவைதான் குரலைத் தின்னும். ஃப்ரிட்ஜை இரண்டு மணி நேரம் அணைத்து, கதவு திறக்காமல் விட்டால் உள்ளே ஒன்றும் கெடாது. 36 பேர் உடம்பு வெளியிடும் வெப்பம் தலைக்கு 100 வாட் வீதம் மூன்றரை கிலோவாட்டைத் தாண்டும், எனவே ஏசியை ஒரு மணி நேரம் முன்பே ஓடவிட்டு அறையையும் சுவரையும் குளிர்த்திவிட்டு, பாட்டு தொடங்கும்போது மிகக் குறைந்த வேகத்துக்கு மாற்றுங்கள்.

30 பேருக்கு, 9 அடிக்கு, மைக் தேவையே இல்லை.

#4 திரைச்சீலை

மைக் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்வது சரியில்லை. வில்லுப்பாட்டில் கதைதான் உயிர். ஆறு பேரில் ஐந்து பேர் வாத்தியம். உடுக்கையும் குடமும் ஏறும்போது ஒரு குரல் அதற்கு மேல் நிற்க வேண்டும். கோயில் கொடை விழாக்களில் பாடுபவர்கள் மைக்குக்குப் பழகியவர்கள், மைக்கை நம்பியே குரலைச் சேமிப்பார்கள். மைக் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் கத்தவைத்தால் மறுநாள் வேறு ஊரில் பாட்டு இருக்கும்போது அவர் தொண்டைக்கு யார் பொறுப்பு? வந்திருப்பவர்களில் காது மந்தமான பெரியவர்களும் இருப்பார்கள்.

#5 ஒலிப்பலகை

தொண்டை பற்றிச் சொன்னது நியாயமான கேள்வி. அதனால் முடிவைப் புலவரிடமே விடுங்கள். அவர் கேட்டால் ஒரே ஒரு மைக், அதுவும் அவர் குரலுக்கு மட்டும். குடத்துக்கும் உடுக்கைக்கும் வேண்டாம்.

அவர் இரண்டு கையிலும் வீசுகோல் பிடிப்பார், தலையைத் திருப்பித் திருப்பிப் பின்பாட்டுக்காரரிடம் பேசுவார். நேர் ஸ்டாண்ட் வில்லில் இடிக்கும். பக்கவாட்டிலிருந்து நீளும் கை உள்ள பூம் ஸ்டாண்ட், அல்லது தலையில் மாட்டும் மைக். சாதாரண டைனமிக் மைக் போதும், ஷ்யூர் எஸ்எம்58 வகை. வாயிலிருந்து ஒரு சாண். மிக்சரில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் குடத்தின் 'தொம்' மைக் வழியாகவும் வரும்.

ஸ்பீக்கர் ஒன்று, 8 அல்லது 10 அங்குலம். குழுவின் வரிசையைவிட ஒரு மீட்டர் முன்னால், ஓரமாக, உட்கார்ந்தவர் காது உயரத்தில். மைக்கின் பின்புறம் ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும். குழுவுக்குப் பின்னால் வைத்தால் ஊளையிடும். அளவு வைக்கும் முறை: கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, வசனத்தில் ஒரு சொல்லும் தவறாமல் புரியும்வரை ஏற்றுங்கள், பிறகு ஒரு பிடி குறையுங்கள். ஸ்பீக்கர் ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவு சரியான அளவு. எர்த் உள்ள ஒரே மூன்று முள் பிளக்கிலேயே எல்லாவற்றையும் எடுங்கள், எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியையும் சேர்த்து. வேறு வேறு பிளக்கில் எடுத்தால் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் ஏறும்.

காது மந்தமான பெரியவர்களை முதல் வரிசை ஓரத்தில், ஸ்பீக்கர் பக்கம் உட்காரவையுங்கள். அவர்களுக்காக மொத்த அறைக்கும் ஏற்ற வேண்டாம்.

#6 அடிக்குச்சி

பறை பற்றி யாரும் பேசவில்லை. 10 அடி உயரக் கூடத்துக்குள் பறை வேண்டாம், தோழர். ஒரு பறையே கைக்கெட்டும் தூரத்தில் 100 டெசிபலைத் தாண்டும். நாலு பறை, டைல்ஸ் போட்ட மூடிய அறை என்றால் காது இரைச்சல்தான் மிஞ்சும், அடவு ஆட இடமும் இல்லை. பறை வெட்டவெளிக் கருவி. அடிப்பவர் கால் வைக்கவே தலைக்கு 6 அடிக்கு 6 அடி வேண்டும்.

மாடியில் வைத்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 100 என்றால் 20 மீட்டரில் 74. அடுத்த வீட்டு ஜன்னல் 20 மீட்டருக்குள்தான் இருக்கும். எனவே மாலை 5 மணிக்கு, 15 நிமிடம், இரண்டு பறை, இரண்டு வீடு தள்ளிவரை முன்கூட்டியே சொல்லிவைத்து. அதற்கு மேல் அந்த வீட்டில் இடமில்லை.

தோல் பறை என்றால் அடிக்கும் முன் காய்ச்ச வேண்டும். டைல்ஸ் மேலோ வெதரிங் கோர்ஸ் (மாடித் தளத்தின் மேற்பூச்சு) மேலோ நேரடியாகத் தீ மூட்டாதீர்கள், வெடித்துவிடும். பெரிய இரும்புச் சட்டி, அடியில் மூன்று செங்கல், எரிக்க வைக்கோலும் காய்ந்த தென்னை மட்டையும். பக்கத்தில் ஒரு வாளி மணல். பறையைச் சாய்த்து, சுழற்றிச் சுழற்றிச் சூடு காட்டுவார்கள், விரலால் சுண்டிப் பார்த்து நாதம் ஏறியதும் எடுத்துவிடுவார்கள். அளவு மிஞ்சினால் சட்டத்தோரம் தோல் கிழியும். அந்த வேலையில் நாம் தலையிட வேண்டாம், இடமும் சட்டியும் கொடுத்தால் போதும். திருகு வைத்த ஃபைபர் தோல் பறையும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது, அதற்குத் தீ வேண்டாம். முன்பே கேளுங்கள்.

இன்னொன்று, இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பறைக் கலைஞர்கள் முன்வாசல் வழியாக வரட்டும், கூடத்தில் உட்காரட்டும், விருந்தினர் பந்தியிலேயே சாப்பிடட்டும். "வெளியே கேட் பக்கம் நின்று அடிக்கட்டும், உள்ளே வில்லுப்பாட்டு" என்ற ஏற்பாடு கூடாது. வீட்டில் பறை வேண்டும் என்று நினைப்பவர் வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். பேச முடியாது என்றால் பறையை அழைக்காதீர்கள்.

#7 சேலையூர்க் கூடம்

நன்றி, ரொம்பத் தெளிவு. 30 என்று வைத்துக்கொள்கிறேன். பறையை மாடியில் 15 நிமிடம் வைத்துவிட்டுக் கீழே இறங்கலாம் என்று தோன்றுகிறது. மாடி தாங்குமா? 2009இல் கட்டிய கான்கிரீட் தளம். அப்படியே 60 பேரும் வந்து வில்லுப்பாட்டையும் மாடியிலேயே வைத்தால்?

#8 கம்பியும் கலவையும்

மாடிக்குப் படி இருந்து ஆள் போய்வரும் தளம் என்றால் கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 இரண்டாம் பாகப்படி சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், சுமார் 150 கிலோ, தாங்கும்படி வடிவமைத்திருக்க வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்தவர் 65 கிலோ, 6 சதுர அடி என்றால் சதுர மீட்டருக்கு 117 கிலோ. வரம்புக்குள்தான், ஆனால் உட்கார்ந்திருக்கும்வரை மட்டும். எல்லாரும் எழுந்து ஒரே மூலையில் நெருங்கி நின்றால் இந்தக் கணக்கு செல்லாது, தாளத்துக்குக் குதித்தால் இன்னும் மோசம். ஆட்டம் உண்டென்றால் தரைத்தளத்து வாசலில் வையுங்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கமும், பால்கனிபோல் சுவருக்கு வெளியே நீண்ட பகுதியிலும் யாரையும் நிறுத்தாதீர்கள். கைப்பிடிச் சுவர் 1 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் குழந்தைகள் மேலே வேண்டாம்.

ஒழுகல், விரிசல், துருக்கறை எதுவும் தளத்தின் அடியில் தெரிந்தால் நேரில் வந்து பார்க்காமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள், என் கணக்கையும் சேர்த்து.

#9 குடமும் பத்தியும்

தளம் தாங்குனாலும் வில்லுப்பாட்டுக்குத் தை மாசத்து மாடி ஆகாது. 7 மணிக்கு மேல பனி இறங்கும். உடுக்கைத் தோலு ரொம்ப மெல்லிசு. இடுப்புல ஓடுற கயித்த அழுத்தித்தான் சுருதிய ஏத்தி இறக்குவாங்க. ஈரம் பட்டுத் தோலு தொய்ஞ்சா எவ்வளவு அழுத்துனாலும் அந்த 'கும்'முனு ஏறுற நாதம் வராது, தட்டுனா சத்துனு நிக்கும். ஏசி அறையில எதிர்மாறு. தோலு காஞ்சு சுருதி மேல போயிரும். அதனாலதான் குழு ஒரு மணி நேரம் முன்ன வந்து அதே அறையில வாத்தியத்த வெளிய எடுத்து வைக்கணும்ங்கிறது. வாத்தியத்த ஏசிக்கு நேர வைக்காதீங்க.

#10 வாசல்படி

சட்டம் பற்றி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. ஆக உங்கள் மதில் சுவரில் பகலில் 60. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் அடிப்படை அளவே 50தான். அடிக்குச்சி சொன்ன 74ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 15 நிமிடப் பறைக்கும் அக்கம்பக்கத்துச் சம்மதம் ஏன் அவசியம் என்று புரியும். சம்மதம் இருந்தாலும் விதி விதிதான், யாராவது புகார் சொன்னால் உடனே நிறுத்துங்கள்.

ஒலிபெருக்கி வைத்தால் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். தேதி, நேரம், இடம், ஸ்பீக்கர் எண்ணிக்கை எழுதி உள்ளூர்க் காவல் நிலையத்தில் இரண்டு வாரம் முன்பே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரவு 10க்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, வாத்தியமும் கூடாது. ஒலிபெருக்கி இல்லாமல், ஜன்னல் மூடிய கூடத்தில் 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடித்தால் இந்தத் தொல்லை எதுவும் உங்களைத் தொடாது.

டிக்கெட் விற்காதீர்கள், இணையத்தில் ஊருக்கே அறிவிக்காதீர்கள். கட்டணம் வாங்கிப் பொதுமக்களை அனுமதித்தால் அது வீட்டு விசேஷம் என்ற நிலையை இழந்துவிடும்.

#11 திரைச்சீலை

சம்பளம் பற்றி யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். கச்சேரி வைக்கும் பலர் சறுக்குவது அங்கேதான்.

#12 குடமும் பத்தியும்

சொல்லுதேன்.

தொகைய அவங்க சொல்லட்டும். கோயில் கொடைக்கு ராத்திரி முழுக்கப் பாடுறதுக்கு வாங்குறத விசாரிச்சு வச்சுக்கிட்டு "இது ஒன்றரை மணி நேரந்தான"னு பேரம் பேசாதீங்க. நாகர்கோவில்லருந்து தாம்பரம் வந்து போக அவங்களுக்கு ரெண்டு ராத்திரியும் ஒரு பகலும் போயிருது. பாதி முன்பணம், மீதி அன்னைக்கே. பயணச் செலவு தனி, டிக்கெட்ட நீங்களே எடுத்துக் குடுத்துருங்க. ஒரே தடியா உள்ள நீள வில்லு ரயில் பெட்டிக்குள்ள பாடாப் படுத்தும். அப்படின்னா வேன் வாடகையும் உங்க கணக்குல சேரும். குடத்துக்கு வைக்கோல் சுத்துன கூடை, அதுக்கும் ஒரு சீட்டு இடம் வேணும். விருந்தாளிங்க விரும்பிக் குடுக்குறது முழுக்கக் குழுவுக்குன்னு முன்னாலயே சொல்லிருங்க. அத சம்பளத்துல கழிக்கக் கூடாது.

சித்திரையிலயும் ஆடியிலயும் கூப்பிடாதீங்க, கொடை சீசன், ஆளு கிடைக்காது. நீங்க தை சனிக்கிழமை எடுத்தது நல்லது. புதுசாக் குழு தேடுறவங்க கலை பண்பாட்டுத் துறையோட திருநெல்வேலி மண்டல அலுவலகத்துல கேக்கலாம். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்துல பதிஞ்சவங்க நெறய பேரு நம்ம பக்கத்துல இருக்காங்க.

சாப்பாடு: பாட்டுக்கு முன்ன 4 மணிக்கு இட்லியோ உப்புமாவோ, அளவா. வயிறு நெறஞ்சா மூச்சு நிக்காது. பக்கத்துல வெந்நி, சுக்கு, பனங்கற்கண்டு. ஐஸ் தண்ணி கூடாது. வெத்தல போடுறவங்களுக்குத் துப்ப ஒரு படிக்கம். பாட்டு முடிஞ்ச பிறகு எல்லாரோடயும் பந்தி.

கதை எதுங்கிறதுதான் எனக்கு முக்கியமாப் படுது. சுடலைமாடன் கதை, இசக்கியம்மன் கதையெல்லாம் கோயில்ல, படையலுக்கு முன்னால, சாமியாட்டத்தோட சேந்து பாடுறது. கேக்குற ஆளுக்கு அருள் வந்துரும். வீட்டுக் கூடத்துல அதப் பாட மாட்டோம்னு சொல்ற புலவர் இருக்காங்க, அந்தச் சொல்ல மதிங்க. முத்துப்பட்டன் கதை, பாபநாசம் சொரிமுத்தையனார் கோயிலோட சேந்தது, அதுலயும் பட்டன் சாகுற கட்டத்துக்கு முன்னால நிறுத்திக்கிடலாம்னு சில பேரு சொல்வாங்க. என்.எஸ்.கிருஷ்ணன், சுப்பு ஆறுமுகம் மாதிரி ஆட்கள் வில்ல மேடைக்குக் கொண்டுவந்த பிறகு சமூகக் கதை, வரலாற்றுக் கதை எத்தனையோ உருவாயிருக்கு. "எங்க வீட்டுல பாடத் தோதான கதை எது?"ன்னு கேட்டுட்டு அவங்க சொல்றத எடுத்துக்கிடுங்க.

ஆனா எந்தக் கதைன்னாலும் வரிசையக் குறைக்காதீங்க. காப்பு (கடவுள் வாழ்த்து), வருபொருள் உரைத்தல் (என்ன கதைன்னு சொல்றது), குருவடி வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம், கதை, கடைசியில வாழி. "நேரமில்ல, நேராக் கதைக்கு வாங்க"ன்னு சொன்னா வாத்தியமும் குரலும் ஒண்ணு சேர்றதுக்குள்ள கதை பாதி போயிரும். முதல் 15 நிமிஷம் அவங்க அந்த அறைக்குத் தங்கள பழக்கிக்கிடுற நேரம். வாழி பாடும்போது வீட்டுக்காரங்க பேரு, ஊரு பேரு சொல்வாங்க. ஒரு தாள்ல தெளிவா எழுதி முன்னமே குடுங்க.

ஒன்றரை மணி நேரக் கதைய நடுவுல காபிக்குன்னு வெட்டாதீங்க.

#13 சேலையூர்க் கூடம்

கடைசியாக ஒன்று. வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்கு போனில் நேரலை காட்டலாமா? வீடியோ எடுத்து யூட்யூபில் போடலாமா?

#14 வாசல்படி

கேட்காமல் செய்யாதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுபவருக்குத் தன் நிகழ்ச்சிமேல் 50 ஆண்டு உரிமை இருக்கிறது. பதிவு செய்யவும் பரப்பவும் அவர் சம்மதம் வேண்டும். கதையைப் புலவரே எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கும் தனி உரிமை உண்டு. முன்பணம் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பதிவு உண்டா, எங்கே வெளியாகும், அதற்குத் தனித்தொகை எவ்வளவு, வருமானம் வந்தால் யாருக்கு. ஆறு பேரும் கையெழுத்திடட்டும், புலவர் மட்டும் போதாது. குழுவே தங்கள் சேனல் வைத்திருந்தால் பதிவை அவர்களிடம் கொடுத்து அதிலேயே போடச் சொல்லுங்கள்.

#15 ஒலிப்பலகை

சம்மதம் கிடைத்தால் ஒரே கேமரா, எதிர்ச் சுவர் ஓரத்தில் ஸ்டாண்டில். மற்ற போன்களை வாசலில் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுங்கள். 9 அடி ஆழ அறையில் ஒருவர் போனைத் தூக்கினால் பின்னால் நாலு பேருக்குப் புலவர் முகம் மறையும். ஒலிப்பதிவுக்கு, இரண்டு மைக் உள்ள கையடக்கப் பதிவுக்கருவியைப் புலவருக்கு நேர் எதிரே 6 அடியில், தரையிலிருந்து 4 அடி உயரத்தில் வையுங்கள். தரையில் வைத்தால் குடம் எல்லாவற்றையும் மூடிவிடும். குழு வந்ததும் ஒரு விருத்தமும், குடம் உச்சத்தில் அடிக்கும் ஒரு பகுதியும் பாடச் சொல்லி, குடத்தின் உச்சத்துக்கு அளவு வைத்து அதற்கு மேல் 10 டெசிபல் இடம் விடுங்கள். ஆள் நிறைந்தபின் குழு இன்னும் பலமாக அடிக்கும்.